எலி கத்துக்கலையா, இல்ல ஆபரேஷன் சொதப்பலா? ஐபிளிங்க் சர்ஜரியில வர்ற பிரச்சனைகள், அறிகுறி வாரியா

ஆல்கஹாலும் கற்றலும்னு எலியில வேலை பார்க்கறவங்க ஏதோ ஒரு கட்டத்துல ஐபிளிங்க் கண்டிஷனிங் பக்கம் வந்து சேருவாங்க. ஒரு டோன் கேட்கும், டோன் முடியற நேரத்துல கண்ணுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு ஷாக், இதையே திருப்பித் திருப்பிக் குடுத்தா டோன் கேட்டதுமே ஷாக் வர்றதுக்கு முன்னாடியே எலி கண்ணை மூடப் பழகிடும். இந்தப் பாடம் நடக்கற இடம் சிறுமூளை, அதுலயும் அதுக்குள்ள ஆழத்துல இருக்கற இன்டர்போசிட்டஸ் நியூக்ளியஸ்ங்கற நரம்பு செல் கொத்து இல்லாம நடக்காதுன்னு மெக்கார்மிக்கும் தாம்ப்ஸனும் 1984-ல முயல்ல காட்டினாங்க. பிறந்த புதுசுல ஆல்கஹால் பட்டா எலிக்குட்டிக்கு முதல் அடி விழறதுல சிறுமூளையோட பர்கின்ஜி செல்லும் ஒண்ணு, அதனால ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாங்க: ஸ்டான்டனும் குட்லெட்டும் 1998-ல பால்குடி மறந்த குட்டிகள்ல, 2000-ல ஸ்டெய்ன்மெட்ஸ் குழு வளர்ந்த எலிகள்ல, ரெண்டுலயும் ஆல்கஹால் வாங்கினதுங்க பின்தங்கிச்சு. அப்புறம் 2008-ல தென்னாப்பிரிக்காவுல, அம்மா வயித்துலயே ஆல்கஹால் பட்ட கேப் டவுன் குழந்தைகள்கிட்டயும் அதே குறை தெரிஞ்சுது. எலியில பார்த்தது அப்படியே மனுஷக் குழந்தையில வர்றது ரொம்ப அபூர்வம், அதனாலதான் இந்த மாடலுக்கு இவ்வளவு மவுசு.

சிமிட்டலை அளக்க இமைத் தசையில கம்பியும், ஷாக் குடுக்க கண்ணுக்குப் பக்கத்துல எலக்ட்ரோடும் வச்சு, மண்டையில ஒட்டின ஒரு பிளக்குக்குக் கொண்டு வர்றதுதான் இங்க சர்ஜரி. சிக்கல் எங்கன்னா, அது சொதப்பினாலும் ரிசல்ட் இதே மாதிரிதான் வரும். காது செவிடான எலி கத்துக்காது, கம்பி விட்டுப்போன எலி கத்துக்கிட்டாலும் நமக்குத் தெரியாது, இமை வலிக்கிற எலி வேற மாதிரி சிமிட்டும், கிராஃப்ல எல்லாமே "கத்துக்கல"ன்னு ஒரே கோடாத்தான் விழும். ஆல்கஹால் குரூப் எலிங்க உடம்பு சின்னதா இருக்கும், அதனால சர்ஜரி தப்பு அந்தப் பக்கமே கூட விழ வாய்ப்பு இருக்கு, அப்படி விழுந்தா நீங்க எழுதற பேப்பர் ஆல்கஹாலைப் பத்தினது இல்ல, உங்க கையைப் பத்தினது. அதனால கீழ ஒவ்வொரு அறிகுறிக்கும், உடனே என்ன பண்றது, டேட்டாவை அது எப்படிக் கெடுக்கும், ரெண்டையும் சேர்த்தே சொல்றேன்.

இந்தியாவுல இருந்து படிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை: இன்ஸ்டிட்யூட் எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் இல்லாம எலி மேல கை வைக்கக் கூடாது, மயக்க மருந்தான கெட்டமின் ஷெட்யூல் எக்ஸ்ங்கற கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கு, வாங்கறதுக்கும் வைக்கறதுக்கும் கணக்கு உண்டு. இங்க சொல்ற டோஸ் எல்லாம் பொதுவா லேப்ல புழங்கற அளவு, உங்க புரோட்டோகாலும் உங்க அனிமல் ஹவுஸ் கால்நடை டாக்டரும் சொல்றதுதான் கடைசி வார்த்தை.

குட்டிக்கு டியூப் வழியா ஊட்டும்போது மூக்குல நுரை வருது

இது சர்ஜரிக்கு முந்தின கட்டம், ஆனா பாதிப் பிரச்சனை இங்கயே ஆரம்பிக்குது. பிறந்த 4-ஆம் நாள்ல இருந்து 9-ஆம் நாள் வரைக்கும்தான் பெரும்பாலும் ஆல்கஹால் குடுப்பாங்க, மனுஷனுக்குக் கர்ப்பத்தோட கடைசி மூணு மாசத்துல நடக்கற மூளை வளர்ச்சி எலிக்கு இந்த நாள்கள்ல நடக்குது. குட்டியோட எடை கிலோ கணக்குல ஒரு நாளைக்கு 5.25 கிராம், பாலில் கலந்து, ரெண்டு தவணையா, மெல்லிசான பாலித்தீன் டியூப்ல நேரா வயித்துக்கு.

மூக்குல நுரை, உடம்பு நீலம், குட்டி வாயைத் திறந்து திறந்து மூடுதுன்னா டியூப் மூச்சுக்குழலுக்குள்ள போயிருக்கு. உடனே நிறுத்தி டியூபை வெளிய எடுங்க, தலையைக் கீழ சாய்ச்சு மூக்கைத் துடைங்க, சூடான இடத்துல வைங்க, அந்தத் தவணையை மறந்துடுங்க. அடுத்த தடவை வராம இருக்க: டியூப் நுனியில சோள எண்ணெய் தொட்டுக்கோங்க, வாயில இருந்து கடைசி விலா எலும்பு வரைக்கும் வெளியில வச்சு அளந்து டியூப்ல மார்க்கரால கோடு போட்டுக்கோங்க, அந்தக் கோட்டுக்கு முன்னாடியே டியூப் நின்னுடுச்சுன்னா தள்ளாதீங்க. குட்டி விழுங்கும்போதுதான் டியூப் தானா இறங்கணும். பாலோட போகுதுன்னா ஒரு வசதி, இந்த வயசுல தோல் மெல்லிசு, வயித்துல இடது பக்கம் வெள்ளையா பால் தெரியும், தெரிஞ்சா சரியா போயிருக்கு.

கன்ட்ரோல் குட்டிக்கு, அதாவது ஒப்பிடறதுக்காக ஆல்கஹால் குடுக்காம வச்சிருக்கறதுக்கு, டியூப் மட்டும் விட்டு எடுத்துடுங்க, பால் ஊத்தாதீங்க. அது தாய்கிட்ட நல்லாவே குடிக்கும், நீங்க வேற ஊத்தினா சாதாரணக் குட்டியை விடக் கொழுத்துடும். ஆல்கஹால் குட்டி நிலைமை நேர் எதிர், போதையில உறிஞ்ச முடியாது, அதனால அதுக்கு வெறும் பால் தவணை கூடுதலா வேணும். அப்புறம் ஒரே தாயோட குட்டிகள் எல்லாத்தையும் ஒரே குரூப்ல தள்ளாதீங்க. ஒரு ஈத்துல இருந்து ஒரு குரூப்புக்கு ஒரு ஆண், ஒரு பெண், அவ்வளவுதான், இல்லன்னா தாயோட குணத்தை ஆல்கஹால் கணக்குல எழுதிடுவீங்க.

இன்னொண்ணு, இந்த வயசுல எந்தக் காரணத்துக்காகவும் கெட்டமின் மயக்கம் குடுக்க வேண்டி வந்தா ரெண்டு தடவை யோசிங்க. ஏழு நாள் எலிக்குட்டியில, நரம்பு செல் சேதி வாங்கற என்எம்டிஏ ரிசப்டரை அடைச்சா நரம்பு செல்கள் கூட்டமா சாகுதுன்னு 1999-லயும், ஆல்கஹாலும் அதே வேலையைப் பண்ணுதுன்னு 2000-லயும் சயின்ஸ் இதழ்ல வந்தாச்சு. கெட்டமின் என்எம்டிஏவை அடைக்கற மருந்துதான். அதாவது கன்ட்ரோல் குரூப்புக்கும் நீங்களே ஒரு மினி ஆல்கஹால் டோஸ் போட்ட கதை ஆயிடும். சர்ஜரியைப் பால்குடி மறந்ததுக்கு அப்புறம் வச்சுக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஊசி போட்டும் எலி படுக்க மாட்டேங்குது

கெட்டமின் 75 முதல் 100 மில்லிகிராம், அதோட சேர்த்துப் போடற சைலசின்ங்கற மருந்து 5 முதல் 10 மில்லிகிராம், கிலோவுக்கு, வயித்துக்குள்ள ஊசி. பத்து நிமிஷம் ஆகியும் காலை இழுத்துக்கிட்டே இருக்குன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது மருந்தை இல்ல, ஊசி போன இடத்தை. எலிக்கு சீக்கம்ங்கற பெருங்குடல் பை ரொம்பப் பெருசு, பெரும்பாலும் இடது பக்கம் கிடக்கும், அதுக்குள்ள மருந்து போனா சாணியோட போச்சு. எலியோட வலது கீழ் வயித்துல, தலையைத் தாழ்த்திப் பிடிச்சுப் போடுங்க, போடறதுக்கு முன்னாடி சிரிஞ்சை லேசா பின்னாடி இழுத்துப் பார்த்துக்கோங்க, ஏதாவது கலரா வந்தா அந்த ஊசி வேண்டாம்.

இடம் சரின்னா அடுத்து அறையைப் பாருங்க. ஆள் நடமாட்டம், சத்தம், ரேடியோ எல்லாம் இருந்தா மயக்கம் இறங்காது, ஊசி போட்டுட்டு கேஜை இருட்டா மூடி வைங்க. மேல கூட்டிப் போடணும்னா கெட்டமின் மட்டும், முதல் டோஸ்ல மூணுல ஒரு பங்கு. சைலசினைத் திரும்பப் போட்டா இதயமும் மூச்சும் ரொம்பத் தாழ்ந்துடும். எடையை அன்னிக்குக் காலையில எடுத்ததா இருக்கணும், போன வாரத்து நோட்டைப் பார்த்துப் போடற வேலை வளர்ற குட்டிகிட்ட எடுபடாது.

மூச்சு வழியா குடுக்கற ஐசோஃப்ளூரேன் மயக்க வாயு வசதி இருந்தா இந்தத் தலைவலியே இல்ல, 4-5 சதவீதத்துல படுக்க வச்சு 1.5-2.5-ல ஓட்டலாம், நிமிஷத்துல ஏத்தி இறக்கலாம். என்னைக் கேட்டா கற்றல் ஆராய்ச்சிக்கு இதுதான் சரி, பாட்டில் விலையைப் பார்த்து கெட்டமினுக்குப் போறவங்க பிற்பாடு தூக்கிப் போடற எலிங்க விலையையும் சேர்த்துக் கணக்குப் போடணும்.

மூச்சு குறையுது, மூக்கு நுனியும் பாதமும் வெளிறிப் போகுது

சாதாரணமா நிமிஷத்துக்கு 70-ல இருந்து 115 வரை மூச்சு விடும், மயக்கத்துல பாதி வரைக்கும் குறையறது வழக்கம்தான். அதுக்குக் கீழ போச்சு, இல்ல வாயைத் திறந்து இழுத்து இழுத்து விடுதுன்னா கையில இருக்கறதைக் கீழ போட்டுட்டு இதைப் பாருங்க: நாக்கை ஓரமா வெளிய இழுத்து விடுங்க, மூக்குக் கவசம் மூக்கை நெரிக்குதா பாருங்க, கழுத்து மடங்கியிருந்தா உடம்பைத் தூக்கி நேராக்குங்க. தலையை அசையாம பிடிக்கற ஸ்டீரியோடாக்சிக் கருவியில தலை மேலயும் உடம்பு கீழயும் தொங்கற மாதிரி வச்சுட்டு மூச்சு வரலன்னு தேடறது அடிக்கடி நடக்கறது, அடியில நாலு மடிப்புத் துணி வச்சா முடிஞ்சுது. ஐசோஃப்ளூரேன்னா குறைச்சு ஆக்சிஜன் மட்டும் விடுங்க. சைலசின் போட்டிருந்தா அதை முறிக்கற அட்டிபமெசோல் மருந்து கைக்கெட்டற தூரத்துல இருக்கணும்.

முடிஞ்சு ரெண்டு மணி நேரம் ஆச்சு, இன்னும் எழல

தொண்ணூறு சதவீதம் குளிர்தான். சின்ன உடம்பு, ஈரமான தலை, ஏசி ரூம், உலோக மேடை, எல்லாம் சேர்ந்து சூட்டை உறிஞ்சிடும், உடம்பு குளிர்ந்தா ஈரலும் மருந்தை மெதுவாத்தான் உடைக்கும். ஆசனவாய் தெர்மாமீட்டரோட தானா கட்டுப்படற ஹீட்டிங் பேட்ல 37 டிகிரி கிட்ட வச்சுக்கோங்க. பல்பைப் பக்கத்துல வச்சு சூடு பண்றது வேண்டாம், மயங்கின எலி நகராது, தோல் வெந்துடும். எழற வரைக்கும் மரத்தூள் மேல போடாதீங்க, மூக்குல வாயில போகும், துண்டு மேல போடுங்க. சைலசின் சிறுநீரை நிறையப் போக வைக்கும், அதனால வெதுவெதுப்பான சலைன் தோலுக்கடியில போட்டு விடறது நல்லது. எலியால வாந்தி எடுக்க முடியாது, அதனால சர்ஜரிக்கு முன்னாடி ராத்திரி பட்டினி போட்டுப் பழகினவங்க அதை விட்டுடலாம், பட்டினி கிடந்த குட்டிதான் இன்னும் லேட்டா எழும்.

இயர் பார் போட்டும் தலை ஆடுது, இல்ல காதுல ரத்தம்

இங்க கொஞ்சம் நிதானமா படிங்க, இந்த வேலையிலயே கண்ணுக்குத் தெரியாம டேட்டாவைக் கெடுக்கறது இதுதான்.

தலை அசையாம இருக்க ரெண்டு காதுக்குள்ளயும் வைக்கற உலோகத் தண்டுதான் இயர் பார். தலை ஆடுதுன்னா பார் எலும்புக் குழியில உட்காரல, தசையில நிக்குது. மூக்கை விரலால லேசா அழுத்திப் பாருங்க, மேல கீழ அசையலாம், பக்கவாட்டுல அசையவே கூடாது. ரெண்டு பக்கமும் ஸ்கேல்ல ஒரே நம்பர் வரணும். ஒரு பக்கம் 4, இன்னொரு பக்கம் 6-ன்னா அவிழ்த்துட்டு முதல்ல இருந்து போடுங்க, திருகி இறுக்கிச் சமாளிக்காதீங்க.

இறுக்கினா என்ன ஆகும்? செவிப்பறை கிழியும். ரத்தம் வந்தா தெரிஞ்சுக்கலாம், வராமலும் கிழியும். பாடமே டோனைக் கேட்டுக் கண்ணை மூடறதுதான், டோன் கேட்காத எலி எத்தனை நாள் டிரெயினிங் குடுத்தாலும் தட்டையான கோடுதான் போடும், அது ஆல்கஹால் குரூப்ல விழுந்தா சந்தோஷமா பேப்பர்ல ஏத்திடுவோம், கன்ட்ரோல்ல விழுந்தா "என்னமோ இந்த எலி சரியில்ல"ன்னு தூக்கிடுவோம். இப்படி ஒரு பக்கமா வடிகட்டினா எந்தப் புள்ளியியலும் காப்பாத்தாது. அதனால மொட்டை நுனி, 45 டிகிரி சரிவு உள்ள, செவிப்பறையைக் கிழிக்காத பார்தான் வாங்கணும். பால்குடி மறந்த குட்டிக்கும், எலக்ட்ரோடு மூளைக்குள்ள போகாத வேலைக்கும் இயர் பாரே தேவையில்ல, இமையில கம்பி வச்சு மண்டையில பிளக் ஒட்டறதுக்கு மைக்ரான் துல்லியம் எதுக்கு, மூக்குக் கவசமும் பல் பிடியும் போதும்.

சர்ஜரிக்கு முன்னாடி ஒரு தடவை, அப்புறம் ஒரு தடவை காதைச் சோதிங்க: எலி பார்க்காதப்ப பின்னாடி இருந்து கிளிக்கர் மாதிரி கூர்மையான ஒரு சத்தம், காது மடல் சட்டுனு துடிக்கும். துடிக்கலன்னா அந்த எலி எந்த குரூப்பா இருந்தாலும் வெளிய, இதை குரூப் தெரியாத ஒருத்தர் பார்த்து எழுதணும்.

மண்டையில ஒட்டின பிளக் கழண்டு வந்துடுச்சு

எல்லா லேப்லயும் புலம்பற விஷயம். எப்ப கழண்டுச்சுங்கறதுலயே பாதி பதில் இருக்கு.

முதல் ரெண்டு நாள்லயே வந்துடுச்சுன்னா எலும்பு காயாம ஒட்டியிருக்கீங்க. பிளக்கை மண்டையில பிடிச்சு வைக்கற டென்டல் அக்ரிலிக் (பல் சிமெண்ட்) ஈரத்துல ஒட்டவே ஒட்டாது. எலும்பு மேல இருக்கற மெல்லிசான சவ்வை ஸ்கால்பெல் முதுகால சுரண்டி எடுக்கணும், 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பஞ்சுல தொட்டுத் துடைச்சு, சலைன்ல கழுவி, எலும்பு சாக்பீஸ் மாதிரி வெள்ளையா ஆற வரைக்கும் காய விடணும். அதுக்கப்புறமும் ஓரத்துல ரத்தம் கசிஞ்சுக்கிட்டே இருந்தா அக்ரிலிக் கலக்கறதை நிறுத்திட்டு கசியற இடத்தைக் கண்டுபிடிங்க: எலும்புல இருந்து வந்தா போன் வேக்ஸ்ங்கற மெழுகைத் தடவுங்க, தோல் ஓரத்துல இருந்து வந்தா ரெண்டு நிமிஷம் பஞ்சால அழுத்திப் பிடிங்க, டிரில் பண்ணும்போது நடுக்கோட்டுல இருந்து கருஞ்சிவப்பா பொங்கினா நடுக்கோட்டுக்கு அடியில ஓடற பெரிய ரத்தக் குழாயை, சாஜிட்டல் சைனஸைத் தொட்டிருக்கீங்க, ஜெல்ஃபோம்ங்கற ரத்தம் நிறுத்தற பஞ்சை வச்சு பொறுமையா அழுத்தறதைத் தவிர வேற வழியில்ல. எலும்பு காஞ்சதும் பிளேடால குறுக்கும் நெடுக்கும் கீறி விட்டா அக்ரிலிக்குக் கடிக்க இடம் கிடைக்கும். மெட்டாபாண்ட் மாதிரி பல் டாக்டர் பசை ஒரு அடுக்கு முதல்ல போட்டுட்டு மேல சாதா அக்ரிலிக் போட்டா இன்னும் உறுதி.

ரெண்டு வாரம் கழிச்சு கழண்டு, அடியில மஞ்சளா நாத்தத்தோட இருந்தா இன்ஃபெக்‌ஷன். காரணம் பெரும்பாலும் அக்ரிலிக் ஓரம்தான், கூர்மையா விட்டா தோலை அறுத்துக்கிட்டே இருக்கும், எலியும் சொறிஞ்சுக்கிட்டே இருக்கும். இளகின பதத்துலயே ஓரத்தை வழுவழுப்பா வழிச்சு விடுங்க, கெட்டியானப்புறம் அரம் போடறது எலிக்கும் நல்லதில்ல, உங்க நுரையீரலுக்கும் நல்லதில்ல. ஒரேயடியா மொத்தமா ஊத்தாதீங்க, அக்ரிலிக் இறுகும்போது சூடாகும், அடியில இருக்கற எலும்பு வெந்தா அப்புறம் செத்த எலும்பு மேலதான் உங்க பிளக் நிக்கும். மெல்லிசா ரெண்டு மூணு அடுக்கு.

ஸ்க்ரூவோட சேர்ந்தே வந்துடுச்சுன்னா, ஸ்க்ரூ இறங்கல, இல்ல டிரில் ஓட்டை பெருசு. வளர்ந்த எலிக்கு நாலு ஸ்க்ரூ வேணும், தள்ளித் தள்ளி, ஒவ்வொண்ணும் வேற வேற எலும்புத் தட்டுல. மூணு வாரக் குட்டிக்கு மண்டை காகிதம் மாதிரி, ஸ்க்ரூ போட்டா மூளையை அழுத்தும், அதுவும் வளர்ற மண்டை வேற, அதுக்கு ஸ்க்ரூவுக்குப் பதிலா எலும்புல மாட்டற சின்ன உலோகக் கொக்கிதான் சரிப்படும்.

இதெல்லாம் சரியா இருந்தும் கழண்டா கேஜைப் பாருங்க! தீவனத் தொட்டி தொங்கற கம்பி மூடியில பிளக் இடிச்சுக்கிட்டே இருக்கும், உயரமான மூடி போட்டு தீவனத்தைத் தரையில வைங்க. கூட இருக்கற எலிங்க கம்பியைக் கடிச்சுத் துப்பும், அதனால தனிக் கேஜ், ஆனா தனிமை எலிக்கு ஸ்ட்ரெஸ், அதனால எல்லா குரூப்புக்கும் ஒரே நாள்ல இருந்து தனிக் கேஜ்.

ஈஎம்ஜி-ல ஒண்ணும் வரல, இல்ல வெறும் இரைச்சல்

ஈஎம்ஜின்னா தசை இறுகும்போது வர்ற மின் சிக்னல், சிமிட்டலை அதுல இருந்துதான் அளக்கறோம். மேல் இமைத் தசையில ரெண்டு மெல்லிசான டெஃப்லான் பூசின ஸ்டீல் கம்பி, கழுத்துத் தோலுக்கடியில ஒரு கிரவுண்ட் கம்பி, எல்லாம் மண்டையில உள்ள பிளக்குக்கு வரும். எங்க விட்டுச்சுன்னு தேடற வரிசை முக்கியம், ஏன்னா தலையைத் திரும்பத் திறக்கறது கடைசி வழி.

முதல்ல எலியை விட்டுடுங்க, கேபிளையும் சுழல் இணைப்பையும் பாருங்க. வேற ஒரு நல்ல எலியில அதே கேபிளை மாட்டினா சிக்னல் வருதா? வரலன்னா எலி மேல பழி போடாதீங்க. வருதுன்னா கிராஃபைப் பாருங்க.

அழகா ஒரே சீரா அலை அலையா ஓடுதா, அது கரண்ட் இரைச்சல், இங்க 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவுல 60. கிரவுண்ட் விட்டுப்போனாதான் பெரும்பாலும் இது வரும். பெட்டிக்குள்ள இருக்கற விளக்கு, ஃபேன் ஒவ்வொண்ணா அணைச்சுப் பாருங்க, குறையலன்னா கிரவுண்ட் கம்பிதான். தட்டையா ஒண்ணுமே இல்லையா, ரெண்டு கம்பியும் உள்ள ஒண்ணையொண்ணு தொட்டு ஷார்ட் ஆகியிருக்கும். எலி தீவனம் கடிக்கும்போது மட்டும் பிரமாதமா வருதா, கம்பி இமையில இல்ல, தாடைத் தசைக்குப் பக்கத்துல இருக்கு, இந்த எலி டோனுக்கு "பதில் சொல்ற" மாதிரி சில நேரம் காட்டும், நம்பாதீங்க.

மல்டிமீட்டர் வச்சு செக் பண்றதெல்லாம் கம்பியை உள்ள வைக்கறதுக்கு முன்னாடியே முடிச்சுக்கணும். எலிக்குள்ள போனப்புறம் மல்டிமீட்டரோட டிசி கரண்டை விடக்கூடாது, திசுவும் பாழ், நம்பரும் பொய், 1 கிலோஹெர்ட்ஸ் இம்பீடன்ஸ் மீட்டர்தான் வேணும்.

பிளக் பண்ணும்போதே நடக்கற தப்பு ஒண்ணு உண்டு: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல சாதா சால்டர் பிடிக்காது. மேலோட்டமா உருண்டையா உட்கார்ந்துக்கும், பார்க்க ஒட்டின மாதிரி இருக்கும், எலி நாலு தடவை தலையை ஆட்டினா விட்டுடும். ஆசிட் ஃப்ளக்ஸ் போட்டு சால்டர் பண்ணி நல்லா கழுவிடணும், கழுவலன்னா துருப்பிடிக்கும், இல்லன்னா பின்னுக்குள்ள விட்டு நசுக்கிப் பொருத்தறது. நசுக்கறதுதான் என் ஓட்டு.

எலி எழறதுக்கு முன்னாடி, மயக்கம் லேசாகற நேரத்துல, ஆம்ப்ளிஃபயர்ல மாட்டிட்டு இமையோரத்தைப் பஞ்சு நுனியால தொடுங்க. சிமிட்டும்போது கிராஃப்ல கொத்தா எழும்பினா கம்பி சரியான இடத்துல இருக்கு. இதைப் பண்ணாம கேஜுக்கு அனுப்பாதீங்க, அஞ்சு நிமிஷ வேலை, அக்ரிலிக் இறுகறதுக்கு முன்னாடின்னா கம்பியை மாத்தி வைக்கலாம்.

ஷாக் குடுத்தா கண் மூடல, தாடை ஆடுது, இல்ல தலையைத் தூக்கி அடிக்குது

ஷாக் குடுக்கற ஸ்டிமுலேட்டிங் எலக்ட்ரோடு கண்ணுக்குப் பின்னாடி தோலுக்கடியில இருக்கணும். கீழ இறங்கிட்டா தாடை, பின்னாடி போயிட்டா கழுத்து. ரெண்டு நுனியும் நெருங்கிட்டா கரண்ட் நடுவுல இருக்கற நீர் வழியாவே ஓடிடும், எலிக்கு ஒண்ணும் தெரியாது, முதல் நாள் வீக்கத்துலயும் இதே மாதிரி நடக்கும், ஒரு நாள் பொறுத்துப் பாருங்க.

குட்டிகளுக்கு 2 மில்லி ஆம்பியர், 100 மில்லிசெகண்ட் புழக்கத்துல இருக்கற அளவு. வேலை செய்யாத எலிக்கு மட்டும் கரண்டை ஏத்திடலாம்னு தோணும். ஏத்தினா எழுதி வைங்க, எந்த குரூப்ல எத்தனை எலிக்கு ஏத்தினோம்னு பிரிச்சுப் பாருங்க. ஷாக்குக்கு வர்ற சிமிட்டலோட அளவு ரெண்டு குரூப்லயும் ஒண்ணா இருக்குன்னு காட்டாத வரைக்கும் கற்றல்ல வித்தியாசம்னு சொல்றதுக்கு உங்ககிட்ட ஒண்ணுமில்ல.

கண்ணைச் சுத்தி சிவப்பா காஞ்சிருக்கு

ரத்தம்னு பயப்படாதீங்க, கண்ணுக்குப் பின்னாடி இருக்கற ஹார்டர் சுரப்பியில இருந்து வர்ற போர்ஃபிரின்ங்கற நிறமி, புற ஊதா விளக்குல காட்டினா இளஞ்சிவப்பா ஒளிரும். ஆனா சும்மா விடவும் கூடாது, எலி தன்னைச் சுத்தம் பண்ணிக்கலன்னு அர்த்தம், வலி, இல்ல ஸ்ட்ரெஸ். கண் விழி மேல வெள்ளையா படர்ந்திருந்தா அது வேற கதை, கெட்டமின் மயக்கத்துல எலி கண்ணைத் திறந்தே வச்சிருக்கும், களிம்பு போடாம விட்டா விழி காஞ்சு புண்ணாயிடும். புண்ணான கண் தானாவே அடிக்கடி சிமிட்டும். அந்த எலியோட பேஸ்லைனே, அதாவது சும்மா இருக்கும்போது சிமிட்டற அளவே போச்சு.

சாப்பிட மாட்டேங்குது, எடை இறங்குது

வலிதான் முதல் சந்தேகம். எலி முகத்தைப் பார்த்து வலி கணிக்க 2011-ல வந்த எலி முகபாவ அளவுகோல் இருக்கு, கண் இடுங்கறது, மூக்கு-கன்னம் தட்டையாகறது, காது மடங்கறது, மீசை நிக்கற விதம், இந்த நாலு. நம்ம எலிக்கு இமையிலயே கம்பி வச்சிருக்கறதால அந்தப் பக்கக் கண் எப்படியும் இடுங்கித்தான் இருக்கும், அடுத்த கண்ணையும் காதையும் பாருங்க.

வலி மருந்து மெலாக்சிகம் கிலோவுக்கு 1-2 மில்லிகிராம் தோலுக்கடியில, மயக்க ஊசி போடறப்பவே, வலி வந்தப்புறம் இல்ல. பியூப்ரினார்ஃபின் 0.01-0.05 மில்லிகிராம், ஓபியாய்டு (அபின்) வகை, நல்ல வலி நிவாரணி, ஆனா அது போட்ட எலி சில நேரம் தீவனத்தை விட்டுட்டு மரத்தூளைத் தின்னும், வயிறு அடைச்சுக்கும், அன்னிக்கு மட்டும் பேப்பர் படுக்கை போடுங்க. ஆல்கஹால் குடிக்கற அளவைப் பார்க்கற ஆராய்ச்சின்னா கூடுதல் எச்சரிக்கை வேணும், ஓபியாய்டு மருந்து எலியோட குடியையே மாத்தும், மருந்து முழுசா இறங்கற வரைக்கும் அளக்க ஆரம்பிக்காதீங்க. வலி மருந்தே வேண்டாம், டேட்டா கெட்டுடும்னு சொல்றவங்க இன்னமும் இருக்காங்க. வலியில இருக்கற எலியோட டேட்டா மட்டும் என்ன சுத்தமாம்?

பத்து சதவீதம் இறங்கினா கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்க, ஈர மாவு, ஜெல் தீவனம் தரையில வைங்க. இருபது சதவீதம்னா பெரும்பாலான புரோட்டோகால்ல அது முடிவுக் கோடு, அதைத் தாண்ட விடாதீங்க. ரொம்ப நாளா குடிச்சுக்கிட்டிருக்கற வளர்ந்த எலிக்கு சர்ஜரி பண்ணி, எடை இறங்கறதோட உடம்பும் நடுங்குது, தொட்டா துள்ளுதுன்னா வலியோட சேர்த்து ஆல்கஹால் நிறுத்தின விலகல் அறிகுறியையும் யோசிங்க, கடைசியா குடிச்சதுல இருந்து ஒரு நாளுக்குள்ள வலிப்பு வரைக்கும் போகலாம். முடிஞ்சா சர்ஜரியை முதல்லயும் ஆல்கஹாலைப் பிறகும் வச்சுக்கோங்க.

எலக்ட்ரோடு குறி தப்புது, ஆல்கஹால் குரூப்ல மட்டும்

இன்டர்போசிட்டஸ்ல ரெக்கார்டிங் பண்றவங்களுக்கு. எலக்ட்ரோடை எங்க இறக்கணும்னு எல்லாரும் பார்க்கற எலி மூளை வரைபடமான பாக்ஸினோஸ்-வாட்சன் அட்லஸ் 290 கிராம் வாக்குல உள்ள ஆண் விஸ்டர் எலிக்குப் போட்ட மேப். குட்டிக்கும், வேற ரகத்துக்கும், மூளை சுருங்கின எலிக்கும் அது அப்படியே பொருந்தாது. பிறந்த புதுசுல ஆல்கஹால் வாங்கின எலியோட மூளை எடையே கம்மி, கன்ட்ரோல்ல பைலட் பண்ணின அதே அளவை இதுல இறக்கினா ஆழமா போயிடும். ஒவ்வொரு குரூப்புக்கும் தனியா ரெண்டு மூணு எலியில சாயம் விட்டு, வெட்டிப் பார்த்து அளவைத் திருத்துங்க. மண்டை எலும்புகள் சேர்ற முன் புள்ளி பிரெக்மாவும் பின் புள்ளி லாம்டாவும் ஒரே உயரத்துல இருக்கணும், 0.1 மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம்னா பல் பிடியை ஏத்தி இறக்கித் திரும்ப அளங்க. பிரெக்மா-லாம்டா தூரத்தையும் ஒவ்வொரு எலிக்கும் எழுதி வைங்க, வளர்ந்த எலியில 9 மில்லிமீட்டர் கிட்ட வரும், ரொம்பக் கம்மியா இருந்தா அந்த விகிதத்துல அளவைக் குறைக்கறது பழக்கம்.

எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனாலும் கத்துக்கல

இப்பவும் உடனே ஆல்கஹால்னு எழுதிடாதீங்க. டோன் ஆரம்பிச்ச முதல் 80 மில்லிசெகண்டுல வர்ற திடுக்கிடலைத் தனியா எடுத்துப் பாருங்க, அது இருந்தா எலிக்குக் காது கேட்குது. ஷாக் சிமிட்டல் அளவு கன்ட்ரோல் மாதிரி இருந்தா எலக்ட்ரோடும் இமையும் சரி. டோனும் ஷாக்கும் தனித்தனியா வாங்கின குரூப்ல சிமிட்டல் எவ்வளவுன்னு பாருங்க, சும்மாவே அதிகமா சிமிட்டற எலி கத்துக்கிட்ட மாதிரி தெரியும். ஷாக்குக்கு முந்தின 200 மில்லிசெகண்டுல வர்ற சிமிட்டல்தான் நேரம் பார்த்துக் கத்துக்கிட்டது, அதுல மட்டும் குறையுதா, இல்ல எல்லாத்துலயும் குறையுதா?

சர்ஜரிக்கும் டிரெயினிங்குக்கும் நடுவுல எத்தனை நாள் விட்டீங்கன்னும் பாருங்க. வளர்ந்த எலிக்கு ஒரு வாரம் விடலாம், கவலையில்ல. குட்டிக்கு வயசுதான் கேள்வியே, ரெண்டு நாள் தள்ளினா வேற வயசு, அதனால சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டி வரும், அப்ப வலி மருந்து இன்னும் உடம்புல இருக்கும், அதை எல்லா குரூப்புக்கும் ஒரே மணிக்கணக்குல வைங்க. ஆபரேஷன் பண்ணினது யாரு, காலையா மாலையா, அந்த வாரத்துல முதல் எலியா கடைசி எலியா, இதையும் குரூப்போட சேர்த்து ஒரு டேபிள் போடுங்க. ஆல்கஹால் எலிங்க எல்லாம் புதுசா வந்த ஸ்டூடன்ட் கையில விழுந்திருந்தா அந்த பேட்சைத் திரும்பப் பண்ணணும், அடுத்த பேட்சுல ஒவ்வொரு சர்ஜரி நாளும் ரெண்டு குரூப்ல இருந்தும் ஒண்ணு மாத்தி ஒண்ணு, குரூப் நம்பர் சர்ஜன்கிட்ட சொல்லாம.